பெட்டியைப் பிரிக்கட்டுமா, தொடரைப் போடட்டுமா?

கேள்வி – 11.1.2025

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரை நான் இதுவரை பார்த்ததில்லை. எட்டு சீசன், 73 எபிசோட் என்கிறார்கள். பிறந்தநாளுக்கு அக்கா அதன் மூலநூல்களைப் பெட்டியாக வாங்கிக் கொடுத்துவிட்டார். ஏழு புத்தகம். ஆஃபீஸில் பாதிப் பேர் 'படிச்சிட்டுப் பாரு, இல்லைன்னா வீண்' என்கிறார்கள். மீதிப் பேர் 'படிச்சா பார்க்க ஒண்ணும் மிச்சம் இருக்காது' என்கிறார்கள். கதையின் முக்கிய ஆள் நெட் ஸ்டார்க் சாகிறார் என்பது மட்டும் தெரியும், அதை யாரும் மறைப்பதே இல்லை. இவ்வளவு தடிமனான ஆங்கிலப் புத்தகம் நான் தொட்டதில்லை. பெட்டியைப் பிரிக்கட்டுமா, தொடரைப் போடட்டுமா?

11.1.2025, இரவு

பெட்டியைப் பிரியுங்கள். தொடர் எங்கும் ஓடிப்போகாது, 2019 மே மாதமே முடிந்து உட்கார்ந்திருக்கிறது. நான் படித்துவிட்டுத்தான் பார்த்தேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

ஒரு சந்தேகம். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் இந்த வரிசையில் வெளியிட்டது ஐந்து புத்தகம்தான். முதலாவது 1996, ஐந்தாவது 2011. ஆறாவது இன்னும் வரவில்லை. உங்கள் பெட்டியில் ஏழு எப்படி வந்தது? அக்காவிடம் கடைக்காரர் வேறு எதையோ சேர்த்துத் தள்ளிவிட்டாரா பாருங்கள்.

12.1.2025

ஏழு சரிதான். தவறு என்னுடையது. இன்று காலை என் அலமாரியைப் பார்த்தேன், அங்கேயும் ஏழுதான் இருக்கிறது. நம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் பிரிட்டிஷ் பதிப்பு. அதில் மூன்றாம் புத்தகத்தையும் ஐந்தாம் புத்தகத்தையும் இரண்டிரண்டாக உடைத்துவிட்டார்கள், ஒரே கட்டாகப் போட்டால் முதுகு தாங்காது என்று. கடைக்காரர் நல்லவர்.

பல வருடமாக வீட்டில் இருக்கிற புத்தகத்தின் எண்ணிக்கையே தெரியாத ஆள்தான் யோசனை சொல்கிறேன். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

13.1.2025

ஏன் முதலில் படிக்கச் சொல்கிறேன் என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன். போகிக்கு வீட்டைக் கழுவி முடித்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன்.

இந்தக் கதையில் அத்தியாயங்களுக்குத் தலைப்பு கிடையாது. பெரும்பாலும் ஆள் பெயர்தான் தலைப்பு. 'பிரான்' என்று போட்டிருந்தால் அந்த அத்தியாயம் முழுக்க அந்தப் பையன் பார்த்தது, கேட்டது, நினைத்தது மட்டும். அவன் அறையில் இல்லை என்றால் நாமும் அறையில் இல்லை. முதல் புத்தகத்தில் முன்னுரையை விட்டுவிட்டால் 72 அத்தியாயம், எட்டுப் பேர். அதில் எட்டார்ட், அதாவது நெட், ஒருவருக்கே 15. மற்ற யாருக்கும் அத்தனை இல்லை. பதினைந்து முறை ஒரு மனிதனின் மண்டைக்குள் உட்கார்ந்து எழுந்தால் என்ன ஆகும்? இவருக்கு ஒன்றும் ஆகாது, இவர்தான் நமக்குக் கதை சொல்கிறவர் என்று நினைத்துக்கொள்வோம். அந்த நம்பிக்கையைத்தான் மார்ட்டின் வெட்டுகிறார், தலை அதற்கப்புறம்.

வெட்டுகிற அத்தியாயம் அவர் பெயரில் இல்லை என்பது இன்னொரு விஷயம். அது அவர் மகள் ஆர்யாவின் அத்தியாயம். கூட்டத்தில் ஒருவர் அந்தச் சிறுமியைப் பிடித்துப் பார்க்கவிடாமல் தடுத்துவிடுகிறார். நாமும் பார்ப்பதில்லை. ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது. பெங்களூரில் பஸ்ஸில் நின்றுகொண்டே அந்தப் பக்கத்தைப் படித்தேன். இறங்கவேண்டிய நிறுத்தம் போய் இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் தலையைத் தூக்கினேன். திரும்பி நடந்தது மழையில்.

தொடரில் இது ஒன்பதாவது எபிசோடில் வருகிறது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் கேமரா எல்லாருக்கும் பொது. எந்த மண்டைக்குள்ளும் அது பதினைந்து முறை உட்கார்ந்ததில்லை.

உங்களுக்கு அவர் சாவது முன்பே தெரியும் என்பது வருத்தம்தான். பரவாயில்லை, எப்படி என்று தெரியாது.

16.1.2025

முதல் நாள் எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. வேண்டுமென்று சொல்லவில்லை, மாட்டுப்பொங்கலன்று மத்தியானம் படுத்துக்கொண்டே யோசித்தபோதுதான் தெரிந்தது.

'படித்துவிட்டுத்தான் பார்த்தேன்' என்று எழுதினேன் அல்லவா? அப்படியென்றால் கதையில் வரும் குள்ள மனிதர் டிரியன் என்றதும் எனக்கு ஏன் நடிகர் பீட்டர் டிங்க்லேஜின் முகம் வருகிறது? புத்தகத்து டிரியனுக்கு ஒரு கண் பச்சை, ஒரு கண் கறுப்பு. பார்க்கவே முடியாத முகம் என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கும். இரண்டாம் புத்தகத்துப் போரில் மூக்கில் முக்கால்வாசி போய்விடும். தொடரில் ஒரு தழும்போடு தப்பித்துவிடுகிறார். ஆனால் புத்தகத்தை எங்கே திறந்தாலும் எனக்கு அந்தத் தழும்பு முகம்தான். மூக்கு முழுசாக இருக்கிறது.

மறுபக்கம், டேரியோ. மூன்றாம் புத்தகத்தில் வருகிற கூலிப்படைத் தலைவன். நீலச் சாயம் அடித்த தாடி, தங்க நிறத்தில் மீசை. எனக்கு இன்றும் அவன் நீலத்தாடிதான். தொடரில் மழுமழு முகத்தோடு ஒருவர் வந்தார், அடுத்த சீசனில் ஆளையே மாற்றி வேறொருவர் வந்தார். இரண்டு பேருமே எனக்கு ஒட்டவில்லை.

ஆகவே துப்பறிந்து பார்த்ததில்: முதல் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே தொடரைக் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். மூன்றாம் புத்தகத்தை மூன்றாம் சீசனுக்கு முன்பே படித்திருக்கிறேன். யோசித்தால் ஞாபகம் வருகிறது. 2011இல் அறை நண்பன் ஹார்டு டிஸ்கில் இரண்டு எபிசோட் காட்டினான். அப்புறம் அவன் வேலை மாறிப் போனான், டிஸ்கும் போனது. மூன்றாவதைப் பார்க்க வழியில்லாமல்தான் அவென்யூ ரோட்டில் பழைய புத்தகம் வாங்கினேன். இத்தனை நாளாக 'நானெல்லாம் படிச்சிட்டுப் பார்த்த ஆளு' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீங்களும் உங்களைச் சோதித்துப் பார்க்கலாம். எந்தப் பாத்திரத்துக்கு நடிகரின் முகம் வருகிறது, எதற்கு வரவில்லை என்று பாருங்கள். படித்த தேதி தானாக வெளியே வரும்.

16.1.2025, சற்று நேரம் கழித்து

இரண்டு எபிசோட்தானே, அதற்கென்ன இவ்வளவு புலம்பல் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முகம் ஒட்டிக்கொள்ள இரண்டு எபிசோட் வேண்டாம், இரண்டு நிமிஷம் போதும்.

இதில் முகத்தைவிடப் பெரிய விஷயம் வயசு. கதை தொடங்கும்போது நெட் வீட்டுப் பையன்கள் ராபுக்கும் ஜான் ஸ்னோவுக்கும் 14. நாடிழந்த இளவரசி டெனேரிஸுக்கு 13. தொடரில் எல்லாரையும் சில வருடம் வளர்த்துவிட்டார்கள். அந்தக் கதையில் நடக்கிற காரியங்களை 13 வயதுக் குழந்தையை வைத்துப் படமெடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. நியாயம்தான். ஆனால் தாடி வைத்த ரிச்சர்ட் மேடனைப் பார்த்துவிட்டு ராபைப் படித்தால், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்பாவுக்காகப் படை கிளப்பிக்கொண்டு போகிறான் என்பதே நமக்கு உறைக்காது. புத்தகம் வயசைச் சொல்லிக்கொண்டே இருக்கும், கண் அதை ஏற்றுக்கொள்ளாது.

19.1.2025

இப்போது எதிர்க்கட்சிக்காகவும் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

கேட்டவர் 80 பக்கத்தில் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறார். யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியவில்லையாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசிப் பக்கங்களில் குடும்பம் குடும்பமாக ஆட்களின் பட்டியல் போட்டிருக்கிறார்கள். கல்யாண மொய் நோட்டு மாதிரி இருக்கும். நானும் விரலை அங்கே வைத்துக்கொண்டுதான் படித்தேன். ராபர்ட் ராஜா, ராப் ஸ்டார்க், ஆரின் வீட்டுப் பையன் இன்னொரு ராபர்ட். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் பிறந்த நமக்கே தலை சுற்றுகிறது. தொடர் எடுத்தவர்களுக்கும் சுற்றியிருக்கிறது. சின்ன ராபர்ட்டை ராபின் ஆக்கினார்கள். ஓஷா என்று ஒருத்தி ஏற்கெனவே இருப்பதால் ஆஷா என்பவளை யாரா ஆக்கினார்கள்.

அப்புறம் உச்சரிப்பு. ஜெய்மி என்ற பெயரை ஒரு புத்தகம் முழுக்க 'ஜைமே' என்று மனசுக்குள் படித்தவன் நான். நெட்டின் மனைவி கேட்லினை 'கேட்டிலின்' என்று. தொடரில் முதல்முறை 'கேட்லின்' என்று காதில் விழுந்தபோது, யாரோ புது ஆள் வந்திருக்கிறாள் என்று கொஞ்ச நேரம் தேடினேன்.

ஆகவே 80ஆம் பக்கத்தில் நிற்பவருக்கு என் திருத்தப்பட்ட யோசனை: முதல் எபிசோடை மட்டும் பாருங்கள். யார் எந்த வீடு என்று பிடிபட்டுவிடும். மூடிவிட்டுப் புத்தகத்துக்கு வாருங்கள்.

ஆமாம், மூன்று நாள் முன்பு இரண்டு நிமிஷம் பார்த்தாலே போச்சு என்று எழுதியவனும் நான்தான். டிரியனின் மூக்கைப் பலி கொடுத்தால் மற்றவை மிஞ்சும். 80ஆம் பக்கத்திலேயே நின்றால் எதுவும் மிஞ்சாது.

26.1.2025

கேட்டவர் இதற்குக் கீழே வரவேண்டாம். மூன்றாம் புத்தகத்துக் கல்யாணத்தைப் பற்றி எழுதப் போகிறேன்.

2013 ஜூன். மூன்றாம் சீசன், ஒன்பதாவது எபிசோட். கல்யாணமாகி ஒரு வருடம். மச்சினன் வேறு லீவுக்கு வந்திருந்தான். மூவரும் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்தோம். அவர்கள் இருவரும் ஒரு வரிகூடப் படித்ததில்லை. நான் எல்லாம் படித்தவன், எல்லாம் தெரிந்தவன். மூன்று வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது எனக்குச் சாதாரணமில்லை.

கல்யாண விருந்தில் வைத்து ராபையும் அவன் அம்மா கேட்லினையும் கொல்லப்போகிற காட்சி. மண்டபத்தின் கதவைச் சாத்துகிறார்கள். பாட்டு மாறுகிறது. அந்தப் பாட்டு எதற்கு என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. கேட்லின் பக்கத்தில் இருப்பவரின் சட்டைக் கையை விலக்கிப் பார்க்கிறாள், உள்ளே இரும்புக் கவசம். நான் திரையைப் பார்க்கவே இல்லை. அவர்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது அதுதான். உலகம் முழுக்க அந்த வாரம் படித்தவர்கள் இதையே செய்தார்கள் என்று பிறகு தெரிந்தது. படிக்காதவர்களின் முகத்தைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். ஏதோ திருட்டுத்தனத்தில் கூட்டாளி கிடைத்த மாதிரி இருந்தது.

அப்போது மனைவி ஒரு சத்தம் போட்டாள். என்னவென்று திரும்பினேன். திரையில் ராபுடைய மனைவி டாலிசாவை, கர்ப்பிணியை, வயிற்றிலேயே குத்திக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தில் இது கிடையாது. புத்தகத்தில் டாலிசா என்று ஒருத்தியே இல்லை. அங்கே ராபுடைய மனைவி ஜெய்ன் வெஸ்டர்லிங். அவள் அந்தக் கல்யாணத்துக்கே வருவதில்லை. படித்தவனுக்கும் தனியாக ஒரு கத்தி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

முடிந்ததும் பெயர்கள் இசையே இல்லாமல் ஓடின. மச்சினன் பேசவில்லை. மனைவி எழுந்துபோய்ச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வெகுநேரம். பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் வரவில்லை.

'உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?' என்று கேட்டாள். தெரியும் என்றேன். 'தெரிஞ்சுமா என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க?' என்றாள். ஒரு வாரம் அதைச் சொல்லிக் காட்டினாள். இன்றும் ஏதாவது சண்டை வந்தால் வரும்.

27.1.2025

கேட்டவர் படித்துவிட்டார். 'வரவேண்டாம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்ததால்தான் வந்தாராம்.

2.2.2025

அந்தக் கல்யாணத்தைப் பற்றி இன்னொன்று. ராபுக்குப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. போருக்குக் கிளம்பிய பிறகு கடைசிவரை அவனை அம்மாவின் கண்ணால்தான் பார்க்கிறோம். அதனால் புத்தகத்தில் அது மகனின் சாவு, ஒரு தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தொடரில் அவன் நாயகன், காதல், குழந்தை எல்லாம் இருக்கிறது. அதனால் அங்கே ஒரு குடும்பத்தின் சாவு. எது பெரிது என்று கேட்காதீர்கள். புத்தகத்தைப் படித்தபோது நான் வருத்தப்பட்டது கேட்லினுக்காக, ராபுக்காக இல்லை. மனைவிக்கு அன்று கேட்லின் ஞாபகமே இல்லை.

9.3.2025

ஒரு மாதம் இங்கே எட்டிப் பார்க்கவில்லை. ஆண்டு முடிவுக் கணக்கு.

இடையில் ஒருவர் நல்ல கேள்வி போட்டிருக்கிறார். முடியாத கதையை எதற்குப் படிக்க வேண்டும்? அதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை.

ஐந்தாம் புத்தகம் 2011 ஜூலையில் வந்தது. தொடரின் முதல் சீசன் அதே வருடம் ஏப்ரலில். அப்போது எழுத்தாளர் நான்கு புத்தகம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார், தொடர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. ஐந்தாம் புத்தகத்தின் கடைசியில் ஜான் ஸ்னோவைக் குத்திப் போடுகிறார்கள். நாங்கள் அங்கேயே நின்றோம். 2015 ஜூனில் தொடரும் அதே இடத்துக்கு வந்து அதே பனியில் அவனைப் போட்டது. அடுத்த வருடம் தொடர் அவனை எழுப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் இன்னும் பனியில் நிற்கிறோம்.

ஆறாம் சீசன் தொடங்கியதும் வீட்டில் என் பதவி போனது. அதுவரை ஒவ்வொரு எபிசோடுக்கும் 'அடுத்து என்னங்க?' என்று கண்ணாலேயே கேட்பார்கள், நான் கடவுள் மாதிரி சிரிப்பேன். தன் பெயரைத் தவிர வேறெதுவும் பேசாத ஹோடாரின் பெயருக்கு அர்த்தம் தெரிந்த அந்த எபிசோடில் (2016 மே) மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அழுதோம். அது மார்ட்டின் சொல்லிக் கொடுத்த விஷயம் என்று தொடரின் தயாரிப்பாளர்களே பிறகு சொன்னார்கள். அதாவது இனி வரப்போகும் புத்தகத்தின் ஸ்பாய்லரைத் தொடர் எனக்குக் கொடுத்துவிட்டது. ஐந்து வருடம் மற்றவர்களுக்குச் செய்ததை எனக்குச் செய்தார்கள்.

உண்மையைச் சொன்னால், அந்த மூன்று சீசனும் எனக்குப் பிடித்தது. கடைசியை எல்லாரும் திட்டுகிறார்கள், நானும் திட்டினேன். ஆனால் தெரியாமல் பார்க்கும் சுகம் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது.

13.4.2025

கேட்டவர் புது வழி கண்டுபிடித்திருக்கிறார். படித்த இடம்வரை மட்டும் தொடரைப் பார்ப்பது. இரவு எட்டு அத்தியாயம் போல ஓட்டினால் ஓர் எபிசோட் பரிசு. குழந்தைக்கு மிட்டாய் காட்டிச் சோறு ஊட்டுவது போலத் தனக்குத் தானே ஊட்டிக்கொள்கிறார்.

முதல் சீசனுக்கு இது அழகாகப் பொருந்தும். ஒரு புத்தகம், பத்து எபிசோட், வரிசைகூட ஏறக்குறைய அதேதான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாம் புத்தகத்தை இரண்டு சீசனுக்குப் பிரித்துவிட்டார்கள், மூன்றும் நான்கும். அதற்குமேல் இந்த முறை வேலை செய்யாது. நான்காம், ஐந்தாம் புத்தகங்களை மார்ட்டின் காலத்தால் பிரிக்கவில்லை, ஆட்களால் பிரித்தார். நான்காவதில் ஜான், டிரியன், டெனேரிஸ் மூவருக்கும் ஓர் அத்தியாயமும் கிடையாது. 2005இல் அதை வாங்கியவர்கள் ஆறு வருடம் இந்த மூன்று பேருக்காகக் காத்திருந்தார்கள். தொடர் இரண்டையும் கலந்து, பாதியைத் தூக்கிப்போட்டு, வேறு கதை ஆக்கிவிட்டது. நான்காம் சீசனோடு மிட்டாயை நிறுத்திக்கொள்ளுங்கள்.

14.6.2025

கேம் ஆஃப் த்ரோன்ஸின் முன்கதைத் தொடரான ஹவுஸ் ஆஃப் த டிராகன் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நேர் எதிரான பதில்: பாருங்கள், படிக்க அவசரமே இல்லை.

அதன் மூலநூலான 'ஃபயர் அண்ட் பிளட்' (2018) நாவலே அல்ல. நாவலுக்குள் இருக்கும் ஒரு பண்டிதர் எழுதிய வரலாற்று நூல் மாதிரி செய்திருக்கிறார். சாட்சிகளும் ஒத்துப்போவதில்லை. மதகுரு ஒன்று சொல்வார், மஷ்ரூம் என்ற அரண்மனைக் கோமாளி அதையே ஆபாசமாக வேறு மாதிரி சொல்வான், மூன்றாமவர் இரண்டையும் மறுப்பார். எது நடந்தது என்று கடைசிவரை தெரியாது. தொடர் வந்து 'நடந்தது இதுதான்' என்று காட்டுகிறது. படித்துவிட்டுப் பார்த்தால் ஸ்பாய்லர் ஆகாது, வதந்திக்குப் பிறகு நேரில் பார்த்த மாதிரி இருக்கும்.

அதில் விசெரிஸ் ராஜா புத்தகத்தில் விருந்து வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்துவிட்டுச் செத்துப்போகிற ஒரு நல்ல மனுஷர், அவ்வளவுதான். பேடி கான்சிடைன் அவரைக் கண்ணெதிரே அழுகிச் சாகிற மனிதராக ஆக்கினார். தன் ராஜாவைவிட இந்த ராஜா மேல் என்று மார்ட்டினே ஒப்புக்கொண்டார்.

ஆனால் அவரே 2024 செப்டம்பரில் கோபமாகவும் ஒன்று எழுதிப்போட்டார், சீக்கிரமே எடுத்தும்விட்டார். இரண்டாம் சீசனின் முதல் எபிசோடைப் பற்றி. புத்தகத்தில் ராணி ஹெலேனாவுக்கு இரண்டு ஆண் குழந்தைகள். எந்தப் பையன் சாக வேண்டும் என்று அவளையே சொல்லச் சொல்கிறார்கள் கொலைகாரர்கள். அவள் சின்னவன் பெயரைச் சொல்கிறாள். அவர்கள் பெரியவனைக் கொல்கிறார்கள். 'உன் அம்மா உன்னைத்தான் கொல்லச் சொன்னாள்' என்பது மிஞ்சிய குழந்தையோடு இருக்கிறது, அவளும் அதோடு வாழ வேண்டும். தொடரில் சின்னவனே கிடையாது. அவளிடம் கேட்பது இரட்டையரில் எது பையன், எது பெண் என்று மட்டும்.

படித்த நான் 'ச்சே, இவ்வளவுதானா' என்றேன். படிக்காத மனைவி தலையணையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். ஒரே சோபா. இந்தத் தடவை பார்க்க வேண்டிய முகம் என்னுடையது, அவளுக்குத்தான் பார்க்க நேரமில்லை.

3.8.2025

ஆடிப் பதினெட்டு. வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வந்த நாள் என்பதால் மட்டும் கொஞ்சம் தடம் மாறிக்கொள்கிறேன்.

2022இல் அம்மாவைப் பொன்னியின் செல்வன் படத்துக்குக் கூட்டிப்போனேன். பாட்டி 1950களில் கல்கி இதழிலிருந்து வாரவாரம் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த தொகுதிகளில்தான் அம்மா அந்தக் கதையைப் படித்தது. எத்தனை முறை என்று கணக்கில்லை. தியேட்டரில் என் காதோரம் ஒரே புகார். 'குந்தவை இப்படி இருக்க மாட்டாடா.' த்ரிஷா நன்றாகத்தானே செய்திருக்கிறார் என்றேன். 'நல்லாத்தான் இருக்கா. ஆனா குந்தவை இல்ல.'

பாரு, இதுதான் படித்தவர்களின் கஷ்டம், அவரவர் மனசில் ஒரு குந்தவை இருக்கிறாள் என்று வீட்டுக்கு வந்து பெருமையாக விளக்கினேன். அம்மா எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தொகுதியை எடுத்துவந்து பிரித்துக் காட்டினார். மணியத்தின் ஓவியம். 'மனசுலயெல்லாம் இல்லடா. இதோ, இவதான்.'

ஜனவரியிலிருந்து இங்கே முகம் முகம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் படித்தால் முகம் நம்முடையது, முதலில் பார்த்தால் நடிகருடையது என்று. வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்த அம்மாவுக்கு அந்தப் பிரச்சினையே இருந்ததில்லை. கதையோடு முகமும் சேர்ந்தேதான் வந்தது. கையில் ஓவியம் இருந்ததால் மனசுக்குள் எதுவும் குறையவில்லை அவருக்கு. குறைந்தது என்று சொன்னால் அடிக்க வருவார்.

டிரியனின் மூக்குக்காக நான் பட்ட துக்கத்தை இன்றோடு முடித்துக்கொள்கிறேன்.

4.8.2025

ஏரியின் பெயர் நாவலில் வீரநாராயண ஏரி என்றுதான் வரும் என்று அம்மா திருத்தச் சொன்னார். இதுதான் திருத்தம்.

5.10.2025

கேட்டவர் நான்காம் புத்தகத்தில் இருக்கிறார் என்று தெரிகிறது. ஜானைக் காணோம் என்று புலம்பியிருக்கிறார். ஏப்ரலிலேயே சொன்னேன்.

என் வீட்டில் வேறு ஒன்று நடந்துவிட்டது. மனைவி கோடை விடுமுறையில் முதல் புத்தகத்தை எடுத்தாள் (ஆசிரியை, மே மாதம் அவளுக்குச் சொந்தம்). நான் இங்கே அவளைப் பற்றி எழுதியதை மச்சினன் காட்டிக் கொடுத்ததால் வந்த வைராக்கியம். தொடரைப் பார்த்து முடித்து ஆறு வருடம் கழித்துப் படிக்கிறாள். நெட்டுக்கு ஷான் பீன் முகம்தான் வருகிறதாம், அதனால் என்ன என்று கேட்கிறாள். நான் பதில் சொல்லவில்லை, துக்கத்தைத்தான் முடித்தாயிற்றே.

இரண்டாம் புத்தகம் பாதியில் கேட்டாள்: 'ஏங்க, டாலிசா எப்ப வருவா?' வருவா வருவா என்றேன். புத்தகம் முடிந்தது, வரவில்லை. காலாண்டு விடுமுறையில் மூன்றாவதை ஆரம்பித்தாள். ராப் போரிலிருந்து திரும்பி வருகிறான், கூட ஜெய்ன் என்று ஒரு பெண். மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். 'இவ யாரு?' இவதான் அவன் பொண்டாட்டி என்றேன். 'அப்ப டாலிசா?' அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்றேன். கொஞ்ச நேரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நேற்று ராத்திரி அந்தப் பயணத்துக்கு வந்துவிட்டாள். ராப் கல்யாணத்துக்குக் கிளம்புகிறான். ஜெய்னைக் கோட்டையிலேயே விட்டுவிட்டுப் போகிறான். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. 2013 ஞாபகம் வந்து, பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

'இவ போகலையா?'

இல்லை.

'கடைசிவரைக்கும் போக மாட்டாளா?'

மாட்டாள்.

ரேஷன் கடை ரசீதை அந்தப் பக்கத்தில் வைத்து மூடினாள். அடுத்த அத்தியாயம் படிக்கலையா என்று கேட்டேன். 'எதுக்கு? இவ வீட்டுல இருக்கா. போதும்' என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள். காலையில் பார்த்தால் புத்தகம் அலமாரியில் இருக்கிறது, ரசீதோடு.